அனுமதி இல்லை என்று சொல்வது யார்?

மண்டகப்பட்டுக் குடைவரையின் முகப்பில், இரு முனைகளிலும் ஆளுயரத்துக்கு இரண்டு துவாரபாலகர்கள் நிற்கிறார்கள். ஏழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் முதலாம் மகேந்திரவர்மன் குடைவித்த கோயில் அது. செங்கல், மரம், உலோகம், சுண்ணாம்பு எதுவும் சேர்க்காமல் பிரம்மா, சிவன், விஷ்ணு மூவருக்கும் விசித்திரசித்தன் எடுத்த ஆலயம் என்று அங்குள்ள வடமொழிக் கல்வெட்டு சொல்கிறது. விசித்திரசித்தன் என்பது மகேந்திரவர்மனின் பட்டப்பெயர்களில் ஒன்று. விழுப்புரத்திலிருந்து செஞ்சிக்குப் போகிறவர்களில் பெரும்பாலோர் இதைப் பார்க்காமலே போய்விடுகிறார்கள்.

செஞ்சியைச் சுற்றி இப்படி ஆவணப்படுத்த வேண்டியவை ஏராளம். தளவானூர்க் குடைவரை இருக்கிறது. சிங்கவரத்தில் பள்ளிகொண்ட அரங்கநாதர் இருக்கிறார். திருநாதர்குன்றில் 24 தீர்த்தங்கரர்களின் புடைப்புச் சிற்பங்களும், 57 நாள் உண்ணாநோன்பிருந்து உயிர்நீத்த சந்திரநந்தி ஆசிரியரின் கல்வெட்டும் இருக்கின்றன. மேல்சித்தாமூரில் சமண மடம். 2025 ஜூலையில் மராட்டிய இராணுவ நிலக்காட்சிகள் என்ற தலைப்பில் 12 கோட்டைகள் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தபோது, தமிழ்நாட்டிலிருந்து சேர்ந்த ஒரே கோட்டை செஞ்சிக் கோட்டை. அதன் பிறகு காமிராவோடு வருகிறவர்களும் கூடியிருக்கிறார்கள்.

கல்வெட்டுக்கு ஒரு படம் போதாது. தேய்ந்த எழுத்து துலங்க வேண்டுமானால் விளக்கைப் பக்கவாட்டில் வைத்து, கோணத்தை மாற்றி மாற்றிப் பல படங்கள் எடுக்க வேண்டும். 24 மெகாபிக்சல் காமிராவின் ரா கோப்பு ஒன்று சுமார் 25 முதல் 30 எம்.பி. வரை வரும். ஆயிரம் படம் எடுத்தால் 30 ஜி.பி. முப்பரிமாண மாதிரி செய்ய இறங்கினால் அதுவும் போதாது. கொஞ்ச நாளிலேயே மடிக்கணினி நிறைந்துவிடும். அப்போதுதான் நாஸ் என்று எல்லோரும் சொல்லும் வலைப்பின்னல் சேமிப்புப் பெட்டி ஒன்றை வாங்குவார்கள். இரண்டோ நான்கோ ஹார்டு டிஸ்க்கை உள்ளே போட்டு, நெட்வொர்க் கேபிளில் மாட்டி, அலுவலகம் முழுக்கப் பயன்படுத்தும் பெட்டி அது.

பக்கத்திலேயே ஒரு சர்வர் இருக்கும். ஒரே இயந்திரத்துக்குள் பல மெய்நிகர் கணினிகள் ஓடும் வகை. படங்களை அட்டவணைப்படுத்த ஒன்று, இணையதளத்துக்கு ஒன்று, கணக்குக்கு ஒன்று என்று ஒவ்வொரு வேலைக்கும் தனித்தனியே ஒன்று வைத்துக்கொள்ளலாம். லினக்ஸ் கருவில் கே.வி.எம். 2007-இல் சேர்ந்தது முதல் இதற்குப் பெரிய செலவு இல்லாமல் போய்விட்டது. புராக்ஸ்மாக்ஸ் போன்ற இலவச மென்பொருளைப் பழைய கணினி ஒன்றில் ஏற்றி இதைச் செய்கிற சிறு அலுவலகங்களும் கல்லூரிகளும் உண்டு. மெய்நிகர் கணினிகளின் வட்டுகளையும் பேக்கப்பையும் நாஸில் வைத்தால் சர்வர் பழுதானாலும் தரவு பிழைக்கும். நல்ல ஏற்பாடு.

அந்த இரண்டையும் இணைக்கும் நாளில்தான் 'பெர்மிஷன் டினைட்' என்ற இரண்டு சொல் திரையில் வந்து நிற்கும். கேபிள் சரியாக இருக்கிறது, பிங் போகிறது, கடவுச்சொல் சரி. ஆனாலும் அனுமதி இல்லை. இந்த இரண்டு சொல்லால் மனம் தளர்ந்து, கையில் கிடைத்த அனுமதிகளையெல்லாம் திறந்துவிட்டு, பிறகு தரவையே இழக்கும் நிலைக்குப் போனவர்கள் இருக்கிறார்கள். அதைத் தவிர்க்கத்தான் இவ்வளவும் எழுதுகிறேன்.

முதலில் மனத்தில் பதிய வேண்டியது: மண்டகப்பட்டு முகப்பைப் போலவே இங்கும் காவலர் இருவர். ஒருவர் கேட்பது "எந்த இயந்திரத்திலிருந்து வருகிறாய்?" மற்றவர் கேட்பது "நீ யார்?" இருவரும் ஒருவரோடொருவர் கலந்து பேசுவதில்லை. ஒருவர் விட்டாலும் மற்றவர் தடுக்கலாம். தடுக்கும்போது இருவரும் ஏறக்குறைய ஒரே சொல்லைத்தான் சொல்கிறார்கள். தடுத்தது எவர் என்று தெரியாமல் செய்யும் எந்தத் திருத்தமும் இருட்டில் கல்லெறிவதுதான்.

நாஸையும் லினக்ஸ் சர்வரையும் இணைக்க அதிகம் பயன்படுவது என்.எஃப்.எஸ். என்ற நெறிமுறை. சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனம் 1984-இல் உருவாக்கியது. இன்னும் பரவலாகப் புழங்கும் அதன் மூன்றாம் பதிப்பு 1995-இல் வெளியானது. ஒரே வளாகத்தில், ஒரே நிர்வாகியின் கீழ் இருக்கும் கணினிகள் ஒன்றையொன்று நம்பும் என்ற எண்ணத்தில் வடிவமைக்கப்பட்டது அது. வெளி உலகத்தோடு எல்லாக் கணினியும் இணைந்திராத காலம். இன்று நமக்கு வரும் தலைவலியில் பாதி அந்த நம்பிக்கையிலிருந்து வருகிறது.

முதல் காவலரிடம் ஒரு பட்டியல் இருக்கிறது. லினக்ஸில் அது 'எக்ஸ்போர்ட்ஸ்' என்ற சிறு கோப்பு. கடையில் வாங்கிய நாஸ் என்றால் அதன் அமைப்புப் பக்கத்தில் 'என்.எஃப்.எஸ். பெர்மிஷன்ஸ்' என்ற தலைப்பில் இருக்கும். எந்த ஃபோல்டரை, எந்த ஐ.பி. முகவரிக்கு, படிக்க மட்டுமா எழுதவுமா என்று அதில் வரி வரியாக எழுதியிருக்கும். சர்வரின் முகவரி அதில் இல்லையென்றால் இணைப்பே, அதாவது மவுன்ட், நடக்காது. 'மவுன்ட் செய்யும்போது சர்வர் அனுமதி மறுத்தது' என்ற பொருளில் செய்தி வரும். செய்தியில் 'மவுன்ட்' என்ற சொல் இருந்தால் பெரும்பாலும் தடுத்தவர் முதல் காவலர். இந்த ஒரு குறிப்பே பாதி வேலையை முடித்துவிடும்.

முகவரியைப் போட்டுவிட்டேனே, ஏன் விடவில்லை என்று கேட்பவர்கள் அதிகம். மெய்நிகர் சர்வருக்கு ஒன்றுக்கு மேற்பட்ட நெட்வொர்க் அட்டைகள் இருப்பது வழக்கம். நிர்வாகப் பக்கம் 192.168.1.20 என்ற முகவரியில் திறக்கிறது என்பதால் அதையே பட்டியலில் எழுதுவோம். ஆனால் நாஸுக்குப் போகும் பாதை இன்னொரு அட்டை வழியாக, 10.0.0.20 என்ற முகவரியில் கிளம்பிக்கொண்டிருக்கும். காவலர் பார்ப்பது வந்து நிற்கும் பொட்டலத்தின் முகவரியை. நாம் மனத்தில் வைத்திருக்கும் முகவரி அவருக்குத் தெரியாது. ஒன்றுக்கு மேற்பட்ட சர்வர்களைக் கூட்டாக ஓட்டுகிறவர்கள் ஒவ்வொன்றின் முகவரியையும் பட்டியலில் சேர்க்க வேண்டும். இல்லாவிட்டால் முதல் சர்வரில் எல்லாம் சரியாக ஓடி, மெய்நிகர் கணினியை அடுத்த சர்வருக்கு நகர்த்தும் நாளில் பிழை வரும்.

பாதையின் பெயரில் பெரிய எழுத்து, சின்ன எழுத்து வேறுபாடு உண்டு. பல நாஸ்களில் ஃபோல்டரின் பெயருக்கு முன்னால் 'வால்யூம்1' போன்ற முன்னொட்டும் சேர வேண்டும். 'ஷோமவுன்ட்' என்ற கட்டளையைச் சர்வரிலிருந்து கொடுத்தால், மூன்றாம் பதிப்புக்கு நாஸ் எந்தெந்தப் பாதையை யார் யாருக்குத் திறந்திருக்கிறது என்று அதுவே எழுதிக் காட்டும். அதில் வருவதை அப்படியே எடுத்து ஒட்டுங்கள், தட்டச்சு செய்யாதீர்கள்.

லினக்ஸில் கையால் எழுதுகிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. எக்ஸ்போர்ட்ஸ் கோப்பில் முகவரியும் அதன் பின்வரும் அடைப்புக்குறியும் ஒட்டியிருக்க வேண்டும். நடுவில் ஒரு வெற்றிடம் விழுந்துவிட்டால் பொருளே மாறிவிடும். நீங்கள் எழுதிய முகவரிக்கு இயல்பான அமைப்பு மட்டும் கிடைக்கும். அடைப்புக்குறிக்குள் எழுதிய உரிமையோ உலகத்துக்கே போய்விடும். உங்கள் சர்வர் எழுத முடியாமல் நிற்கும்போது, பக்கத்து மேசையின் கணினி தாராளமாக எழுதிக்கொண்டிருக்கும். ஒரு வெற்றிடத்தால் பூட்டும் கதவும் இடம் மாறிப்போவதைப் போன்ற கொடுமை கணினித் துறையில் அதிகம் இல்லை. கோப்பைத் திருத்திய பிறகு 'எக்ஸ்போர்ட்எஃப்எஸ்' கட்டளை கொடுத்துப் பட்டியலைப் புதுப்பிக்கவும் வேண்டும். கோப்பில் எழுதியதாலேயே காவலருக்குத் தெரிந்துவிடாது.

இவை தவிர இன்னொன்றும் உண்டு. 1024-க்குக் கீழான போர்ட் எண்ணிலிருந்து வரும் கோரிக்கையை மட்டுமே ஏற்பது என்.எஃப்.எஸ்ஸின் பழைய வழக்கம். அந்த எண்களை ரூட் என்ற முழு அதிகாரப் பயனர் மட்டுமே பயன்படுத்த முடியும் என்பதால் ஒரு காலத்தில் அது பாதுகாப்பாகக் கருதப்பட்டது. இடையில் முகவரியை மாற்றிக்கொடுக்கும் ரவுட்டர் இருந்தால் போர்ட் எண்ணும் மாறி, அனுமதி மறுக்கப்படும். நாஸ் அமைப்புகளில் இதைத் தளர்த்த ஒரு தேர்வு இருக்கும். நாஸும் சர்வரும் ஒரே சுவிட்சில் மாட்டியிருந்தால் இதைத் தொட வேண்டியதில்லை.

இனி இரண்டாம் காவலர். சிக்கலெல்லாம் இவரிடம்தான்.

மவுன்ட் ஆகிவிட்டது. பட்டியலில் ஃபோல்டர் தெரிகிறது. ஆனால் ஒரு கோப்பை எழுதப் போனால் மறுக்கிறார். புராக்ஸ்மாக்ஸில் இது தனி முகம் காட்டும். புதிய சேமிப்பைச் சேர்த்தவுடன் அது தனக்குத் தேவையான துணை ஃபோல்டர்களைத் தானே உருவாக்க முயலும்: வட்டுப் பிம்பங்களுக்கு ஒன்று, பேக்கப்புக்கு ஒன்று, நிறுவல் வட்டுகளுக்கு ஒன்று. அந்த முதல் ஃபோல்டரை உருவாக்கும்போதே 'பெர்மிஷன் டினைட்' வந்துவிடும். நிர்வாகிக்குக் குழப்பம் தாங்காது. "நான் ரூட். எனக்கே எப்படி அனுமதி இல்லை?"

யுனிக்ஸ் இயங்குதளத்தில் பயனரின் பெயர் மனிதர்களின் வசதிக்காக. கணினி பார்ப்பது எண்ணை. ரூட் என்றால் 0. முதலில் சேர்க்கப்படும் சாதாரணப் பயனர் பெரும்பாலும் 1000. ஒவ்வொரு கோப்பிலும் உரிமையாளரின் எண்ணும் குழுவின் எண்ணும் எழுதியிருக்கும். உரிமையாளர், குழு, மற்றவர் என்ற மூவருக்கும் படிக்க, எழுத, இயக்க என்று மும்மூன்று உரிமைகள். மூன்று மூன்றும் ஒன்பது. 1970-களின் யுனிக்ஸில் வேரூன்றிய இந்த ஏற்பாடு இன்றும் நம் நாஸ் பெட்டிக்குள் உயிரோடு இருக்கிறது.

சர்வர் நாஸிடம் ஒரு கோப்பைக் கேட்கும்போது, வழக்கமான அமைப்பில் கடவுச்சொல் எதுவும் போவதில்லை. "என் எண் இது, என் குழுக்களின் எண்கள் இவை" என்று மட்டும் சொல்லி அனுப்புகிறது. நாஸ் அதை அப்படியே நம்புகிறது. சர்வரில் முருகன் என்ற பயனரின் எண் 1000, நாஸில் 1000 என்ற எண் வள்ளிக்கு உரியது என்றால், முருகன் வள்ளியின் கோப்புகளைத் திறப்பார், தன் கோப்புகளைத் திறக்க முடியாது. பெயர் ஒன்றாக இருந்தும் எண் வேறாக இருப்பதுதான் இந்தத் தொல்லையின் பொதுவான வடிவம். அதனால்தான் ஃபோல்டரைப் பட்டியலிடும்போது பெயர்களோடு காட்டும் வடிவத்தை விட்டு, எண்களோடு காட்டும் வடிவத்தில் பாருங்கள் என்று சொல்கிறேன். எண் பொய் சொல்லாது.

குழுக்களிலும் ஒரு வரம்பு உண்டு. இந்த நம்பிக்கை முறையில் அதிகபட்சம் 16 துணைக் குழுக்களின் எண்களைத்தான் அனுப்ப முடியும். பதினேழாவது குழுவின் வழியாக உரிமை பெற்றிருப்பவர் நாஸ் வாசலில் வெறுங்கையோடு நிற்பார். பல துறைகள் உள்ள பெரிய கல்லூரியில் இது நடக்கும். சிறு அலுவலகத்தில் பார்க்க வாய்ப்பில்லை.

இப்போது ரூட்டின் கேள்விக்கு வருவோம். வந்தவர் சொல்லும் எண்ணையெல்லாம் நாஸ் நம்புமானால், "நான் 0" என்று சொல்லி எந்தக் கணினியின் நிர்வாகியும் நாஸில் உள்ள எல்லாவற்றையும் அழித்துவிடலாமே? ஒரு பல்கலைக்கழகத்தில் மாணவர் ஒருவர் தன் மேசைக் கணினியில் ரூட் ஆவது ஒன்றும் பெரிய காரியமில்லை. இதற்காக வைத்த தடுப்புக்குப் பெயர் 'ரூட் ஸ்குவாஷ்'. 0 என்று சொல்லிக்கொண்டு வருபவரை நாஸ் 0 ஆக ஏற்பதில்லை. 65534 என்ற, எந்த உரிமையும் இல்லாத எண்ணாக மாற்றிவிடுகிறது. அந்த எண்ணின் பெயர் 'நோபடி'. லினக்ஸில் இதுவே இயல்பு அமைப்பு. நாம் எதுவும் சொல்லாவிட்டால் ரூட் ஸ்குவாஷ் இயங்கிக்கொண்டே இருக்கும்.

மெய்நிகராக்கச் சர்வர் தன் வேலையை ரூட்டாகவே செய்கிறது. தன் வீட்டில் அரசன். நாஸ் வாசலைத் தாண்டியதும் யாரும் இல்லை. ஃபோல்டரின் உரிமையாளர் ரூட் என்று இருந்து, மற்றவருக்கு எழுதும் உரிமை இல்லாவிட்டால், நோபடியால் துணை ஃபோல்டர் உருவாக்க முடியாது. பிழைச் செய்தி வந்த காரணம் இவ்வளவுதான். நாஸ் தன் கடமையைச் சரியாகச் செய்திருக்கிறது.

இதைத் தீர்க்க இரண்டு வழிகள் உண்டு. முதல் வழி, அந்தச் சர்வருக்கு மட்டும் 'நோ ரூட் ஸ்குவாஷ்' கொடுப்பது. அதாவது, இந்த முகவரியிலிருந்து 0 வந்தால் 0 ஆகவே ஏற்றுக்கொள் என்று சொல்வது. சினாலஜி நாஸில் ஸ்குவாஷ் என்ற இடத்தில் 'நோ மேப்பிங்' என்று இருப்பது இதுதான். ட்ரூநாஸில் 'மேப்ரூட் யூசர்' என்ற இடத்தில் ரூட் என்று போட வேண்டும். வி.எம்.வேர் ஈ.எஸ்.எக்ஸ்.ஐ. சர்வர், மூன்றாம் பதிப்பு என்.எஃப்.எஸ்ஸில் ரூட்டாகவே வருவதால் அதற்கும் இதே தேவை. இந்த உரிமையை முழு நெட்வொர்க்குக்கும் கொடுப்பது பெருந்தவறு. சர்வரின் ஒற்றை முகவரிக்கு மட்டும் கொடுங்கள். முடிந்தால் நாஸுக்கும் சர்வருக்கும் இடையே, வேறு கணினிகள் நுழையாத தனி நெட்வொர்க் ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். முகவரியை நம்பும் காவலரை ஏமாற்ற அந்த முகவரியைப் போட்டுக்கொண்டு வந்தால் போதும் என்பதை மறக்கக் கூடாது.

இரண்டாம் வழியில் யார் வந்தாலும், 0 உட்பட, அவர்களை நாஸில் உள்ள ஒரு குறிப்பிட்ட பயனராக மாற்றிவிடலாம். இதற்கு 'ஆல் ஸ்குவாஷ்' என்று பெயர். மாற்றித் தரும் எண்ணையும் நாமே சொல்லலாம். மெய்நிகர் வட்டுகளுக்கென்றே நாஸில் ஒரு பயனரை உருவாக்கி, ஃபோல்டரின் உரிமையாளராக அவரை வைத்து, வருபவர் எல்லோரையும் அவர் எண்ணுக்கு மாற்றினால் வட்டுப் பிம்பங்கள், நிறுவல் வட்டுகள், பேக்கப் எல்லாம் சிக்கலின்றி ஓடும். சிறு அலுவலகங்களுக்கு நான் சொல்லும் யோசனை இதுதான். ரூட்டின் முழு அதிகாரம் நாஸுக்குள் போகவே போகாது. கோப்பின் உரிமையாளரைத் தானே மாற்ற நினைக்கும் மென்பொருள்களுக்கு மட்டும் இது ஒத்துவராது.

இந்த எண் விவகாரம் ஒவ்வொரு மெய்நிகராக்க மென்பொருளிலும் வேறு வேடம் போடும். ஓவிர்ட் என்ற மென்பொருள் நாஸ் ஃபோல்டரின் உரிமையாளர் எண்ணும் குழு எண்ணும் 36 ஆக இருக்க வேண்டும் என்று எதிர்பார்க்கிறது. அது தெரியாமல் மணிக்கணக்கில் தேடுகிறவர்கள் உண்டு. ரெட் ஹேட் வகை லினக்ஸில் எண்களெல்லாம் சரியாக இருந்தும் மறுப்பு வந்தால், தடுப்பது நாஸாக இருக்காது. சர்வரிலேயே உள்ள எஸ்.இ.லினக்ஸ் என்ற பாதுகாப்பு அடுக்காக இருக்கலாம். மெய்நிகர் கணினிகள் என்.எஃப்.எஸ். பயன்படுத்தலாம் என்று அதற்குத் தனியே ஓர் அனுமதி கொடுக்க வேண்டும்.

முழு மெய்நிகர் கணினிக்குப் பதிலாக, சர்வரின் கருவையே பகிர்ந்துகொண்டு ஓடும் கன்டெய்னரைப் பயன்படுத்துகிறவர்கள் இன்னும் ஒரு படி கவனமாக இருக்க வேண்டும். புராக்ஸ்மாக்ஸில் உரிமை குறைந்த கன்டெய்னர் ஒன்றை உருவாக்கினால், அதற்குள் 0 என்று தோன்றும் ரூட், வெளியே சர்வரின் பார்வையில் 100000. உள்ளே 1000 ஆக இருப்பவர் வெளியே 101000. கன்டெய்னருக்குள் யாராவது அத்துமீறினாலும் சர்வரை ஆட்டிப்படைக்க முடியாதபடி செய்த அருமையான ஏற்பாடு இது. ஆனால் நாஸில் உள்ள படங்களின் ஃபோல்டரைக் கன்டெய்னருக்குள் நேராகக் காட்டினால், நாஸ் வாசலுக்கு வந்து நிற்பவர் 101000. அப்படி ஒருவரை நாஸுக்குத் தெரியவே தெரியாது. உள்ளே எத்தனை முறை உரிமையை மாற்றினாலும் பயனில்லை. நாஸ் பக்கத்தில் அந்த எண்ணுக்கு உரிமை கொடுக்க வேண்டும். அல்லது கன்டெய்னரின் எண் மாற்று அட்டவணையில் 1000-ஐ 1000 ஆகவே விடும்படி எழுத வேண்டும். மேலே சொன்ன ஆல் ஸ்குவாஷ் வழியும் இங்கே கைகொடுக்கும்.

இதே காரணத்தால் வேறோர் இடத்திலும் அடி விழும். கன்டெய்னர் பேக்கப் சில முறைகளில் முதலில் ஒரு தற்காலிக ஃபோல்டரில் நகலெடுத்துவிட்டுப் பிறகு சுருக்கும். அந்தத் தற்காலிக ஃபோல்டர் நாஸில் இருந்தால், 100000 ஆக மாறிய எண்ணால் அதைத் திறக்க முடியாமல் பேக்கப் பாதியில் நிற்கும். தற்காலிக ஃபோல்டரைச் சர்வரின் சொந்த வட்டுக்கு மாற்றினால் சரியாகிவிடும். மெய்நிகர் கணினிகளின் பேக்கப் எல்லாம் ஒழுங்காக நடந்து கன்டெய்னருடையது மட்டும் நின்றால் முதலில் இதைப் பாருங்கள்.

நான்காம் பதிப்பு என்.எஃப்.எஸ்ஸில் பயனர்கள் பெயரும் டொமைனுமாகப் பரிமாறப்படலாம். இரு பக்கமும் டொமைன் பெயர் பொருந்தாவிட்டால் எல்லாக் கோப்புக்கும் உரிமையாளர் நோபடி என்று பட்டியலில் தெரியும். பார்த்தவுடன் பதறிவிடுவோம். வழக்கமான நம்பிக்கை முறையில் அது பெரும்பாலும் காட்சியில் வரும் கோளாறுதான். திறக்கலாமா கூடாதா என்ற முடிவு அப்போதும் கோரிக்கையோடு வந்த எண்ணை வைத்தே எடுக்கப்படுகிறது. ஆகவே நோபடி என்று தெரிவதை மட்டும் பார்த்து உரிமைகளை மாற்றத் தொடங்காதீர்கள். எழுதிப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

விண்டோஸ் வழியாக வந்த எஸ்.எம்.பி. நெறிமுறையில் பெயரும் கடவுச்சொல்லும் உண்டு. அங்கும் இரண்டு அடுக்கு: பகிர்வுக்கு ஓர் உரிமை, கோப்புக்கு ஓர் உரிமை. இரண்டில் எது இறுக்கமோ அதுவே செல்லும். லினக்ஸில் எஸ்.எம்.பி. பகிர்வை மவுன்ட் செய்யும்போது தெரியும் உரிமையாளரும் உரிமைகளும் பல நேரம் சர்வர் தன் பக்கத்தில் போட்டுக்கொண்ட தோற்றம். நாஸில் என்ன இருக்கிறது என்பதை அது காட்டாது. படங்களை எல்லோரும் பகிர எஸ்.எம்.பி. ஏற்றது. மெய்நிகர் வட்டுகளை வைக்க என்.எஃப்.எஸ்ஸையே நான் விரும்புகிறேன்.

777 பற்றிச் சொல்லாமல் இந்தக் கட்டுரை முடியாது. அனுமதிப் பிழை என்றதும் ஃபோல்டரின் ஒன்பது உரிமைகளையும் எல்லோருக்கும் திறந்துவிடும் எண் அது. உலகில் யார் வேண்டுமானாலும் படிக்கலாம், எழுதலாம், அழிக்கலாம். இதைச் செய்தால் சில நேரம் பிழை மறைந்துவிடுகிறது, அதுதான் ஆபத்து. தடுத்தவர் முதல் காவலர் என்றால் 777 எதுவும் செய்யாது, ஆனால் கதவு திறந்தபடி கிடக்கும். இரண்டாம் காவலர் என்றால், இன்று நோபடி உருவாக்கிய கோப்பை நாளை வேறு எண் திறக்க வரும்போது மறுபடி மறுப்பு வரும். ஏனென்றால் புதிதாக உருவாகும் கோப்புகளுக்கு 777 தானாக ஒட்டிக்கொள்வதில்லை. இடையில் ஏதாவது ஒரு மேசைக் கணினியில் கோப்புகளைப் பூட்டிப் பணம் பறிக்கும் ரான்சம்வேர் புகுந்தால், அது எழுத முடிகிற ஃபோல்டர் அத்தனையும் போகும். திருநாதர்குன்றின் கல்வெட்டு மறுபடி படமெடுக்க அங்கேயே இருக்கும். மூப்பில் பொடியாகிக்கொண்டிருக்கும் ஓர் ஓலைச்சுவடியின் படத்தை இழந்தால் மறுபடி எடுக்க ஓலை இருக்காது. புதுச்சேரியில் உள்ள சைவச் சுவடிகளை யுனெஸ்கோ 2005-இல் உலக நினைவுப் பதிவேட்டில் சேர்த்தது. அத்தகைய பொருள்களின் படங்கள் கிடக்கும் வட்டில் 777 போடுகிற துணிச்சல் யாருக்கும் வரக்கூடாது.

சில நாஸ்களில் 777 போடவே முடியாது. ஒன்பது உரிமைகளுக்கு மேலாக, ஏ.சி.எல். என்ற விரிவான உரிமைப் பட்டியல் அங்கே இயங்கும். கட்டளை கொடுத்தால் 'இந்தச் செயலுக்கு அனுமதியில்லை' என்ற வேறொரு செய்தி வரும். அங்கே நாஸின் சொந்த அமைப்புப் பக்கத்தில்தான் உரிமையை மாற்ற வேண்டும்.

அப்படியானால் எந்த வரிசையில் தேடுவது? வலைப் பக்கத்தை மூடிவிட்டுச் சர்வரின் கட்டளைத் திரைக்குப் போங்கள். நாஸுக்குப் பிங் போகிறதா, 2049 என்ற போர்ட் திறந்திருக்கிறதா என்று பாருங்கள். ஷோமவுன்ட் கொடுத்துப் பாதையையும் முகவரியையும் சரிபாருங்கள். ஒரு காலி ஃபோல்டரில் கையால் மவுன்ட் செய்து பாருங்கள். இங்கே மறுத்தால் முதல் காவலர். நாஸின் பதிவேட்டில் எந்த முகவரியை மறுத்தேன் என்று அவரே எழுதியிருக்கக்கூடும், அதைப் படியுங்கள். மவுன்ட் ஆனால், ரூட்டாக ஒரு வெற்றுக் கோப்பை உருவாக்கிப் பாருங்கள். மறுத்தால் இரண்டாம் காவலர். உருவானால், அந்தக் கோப்பின் உரிமையாளர் எண்ணைப் பாருங்கள். 0 என்றால் ஸ்குவாஷ் இல்லை. 65534 என்றால் ரூட் ஸ்குவாஷ். 1024 போன்ற வேறு எண் என்றால் நாஸ் உங்களை வேறு பயனராக மாற்றியிருக்கிறது. சினாலஜியின் அட்மின் பயனருக்கு அதுதான் எண். பக்கம் பக்கமாகப் படிப்பதைவிட இந்த ஒரு வெற்றுக் கோப்பு நிறையச் சொல்லும்.

'வாசிக்க மட்டும்' என்ற பொருளில் செய்தி வந்தால் அது மூன்றாவது வகை. பட்டியலில் எழுதும் உரிமை கொடுக்கவில்லை, அல்லது நாஸின் வட்டே பழுதாகித் தன்னைப் பூட்டிக்கொண்டிருக்கிறது. இரண்டாவது என்றால் அனுமதிகளை மறந்துவிட்டு முதலில் தரவைக் காப்பாற்றுங்கள். ஃபோல்டருக்குப் போகும் வழியில் உள்ள மேல் ஃபோல்டர்களையும் பாருங்கள். கடைசி ஃபோல்டரில் எல்லா உரிமையும் இருந்தும், இடையில் ஏதாவது ஒன்றில் கடந்து செல்லும் உரிமை இல்லாவிட்டால் உள்ளே போக முடியாது. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். சோதனைக்காகத் திறந்த எதையும், காரணம் தெரிந்த பிறகு பழையபடி மூடுங்கள்.

எண்ணை நம்பும் இந்த முறையே வேண்டாம் என்பவர்களுக்கு கெர்பரோஸ் உண்டு. எம்.ஐ.டி.யில் பிறந்த அது, வருபவர் தாம் சொல்லும் ஆள்தானா என்று மறையாக்கம் வழியே உறுதிசெய்கிறது. பெரிய நிறுவனங்களுக்கு அதுவே சரி. அதைப் பராமரிக்க ஆள் வேண்டும் என்பதால் நாலு பேர் வேலை செய்யும் அலுவலகத்துக்குத் தனி நெட்வொர்க்கும் ஒற்றை முகவரிப் பட்டியலும் போதும் என்பது என் கருத்து.

எல்லாம் ஓடத் தொடங்கிய அன்றே ஒரு தாளில் நாஸின் முகவரி, சர்வரின் எந்த அட்டை நாஸோடு பேசுகிறது, ஃபோல்டரின் முழுப் பாதை, ஸ்குவாஷ் அமைப்பு, உரிமையாளர் எண் ஆகிய ஐந்தையும் எழுதி நாஸ் பெட்டியின் மேல் ஒட்டிவையுங்கள். கடவுச்சொல்லை அதில் எழுத வேண்டாம். நிறுவியவர் வேலை மாறிப் போவார், சர்வர் மாறும், முகவரி மாறும். அடுத்து வருபவர் அந்தத் தாளைப் பார்த்தால் 777 பக்கம் போகமாட்டார். பிறகு பேக்கப்பிலிருந்து ஒரு மெய்நிகர் கணினியையாவது மீட்டெடுத்து ஓட்டிப் பாருங்கள். எழுத அனுமதி இருந்து படிக்க அனுமதி இல்லாத பேக்கப் பேக்கப்பே இல்லை.